அக்கரையில் தாய், இக்கரையில் வலி

மலைக்கோட்டைப் படியேறித் தாயுமான சுவாமியைத் தரிசித்தவர்கள் இந்தச் சபையில் நிறையப் பேர் இருப்பீர்கள். சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று வாழைத்தார் நேர்ந்துகொண்டவர்களும் இருப்பீர்கள். அவர் தாயுமான அந்தத் திருவிளையாடலை இன்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ரத்னாவதி பூம்புகார் வணிகர் வீட்டுப் பெண். வாழ்க்கைப்பட்டது சிராப்பள்ளியில். தலைப்பிரசவம். அவளைப் பெற்றவள் மருந்து, எண்ணெய், பலகாரம் எல்லாம் கட்டிக்கொண்டு புறப்பட்டாள். காவிரியில் கரைகொள்ளாத வெள்ளம், ஓடம் ஓடவில்லை. அக்கரையில் தாய், இக்கரையில் இடுப்பு வலி. செவ்வந்திநாதா என்று ஈசனை அழைத்து அலறுகிறாள் அந்தப் பெண்.

ஈசன் நினைத்திருந்தால் வெள்ளத்தை வற்ற வைத்திருக்கலாம். ரிஷபத்தின் மேல் காட்சி தந்து வலியைப் போக்கியிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. அவள் அம்மாவின் உருவத்தில் வந்து நின்றார். பிரசவம் பார்த்தார், பிள்ளையைக் குளிப்பாட்டினார், மருந்து கொடுத்தார், வெள்ளம் வடியும்வரை கூடவே இருந்தார். நிஜத் தாய் வாசலுக்கு வந்ததும் மறைந்தார். சித்திரைத் திருவிழாவில் இந்தச் செட்டிப்பெண் மருத்துவ வைபவம் இன்றும் நடக்கிறது.

இப்போது காவிரிக்குப் பாலம் உண்டு. ஆனால் தலைப்பிள்ளையோடு தனியாகத் தவிக்கிற ரத்னாவதிகள் குறையவில்லை. மூன்றாம் மாதம் அம்மா ஊருக்குப் போய்விடுவாள், கணவன் வேலைக்குப் போய்விடுவான். அடுக்குமாடி வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளையோடு சேர்ந்து அவளும் அழுவாள். குழந்தை பெற்றவர்களில், வளரும் நாடுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருத்திக்கு மனநலப் பாதிப்பு வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதைத் திமிர் என்றும் சோம்பல் என்றும் நாம் பேசுகிறோமே, அது பாவம் அம்மா.

அவளுக்கு யார் துணை? பாட்டிமார் பாசத்தில் குறை இல்லை. ஆனால் முப்பது வருஷத்தில் வலி மறந்துபோகும். போன வருஷம் பெற்றவளுக்கு மறக்காது. பால் கொடுக்கும்போது காம்பை மட்டும் பிள்ளை கவ்வினால் புண்ணாகும். வாய் அகலத் திறந்ததும் கருவட்டமும் உள்ளே போகிறாற்போல அணைக்க வேண்டும், பிள்ளையின் முகவாய் மார்பில் பட வேண்டும். இதைப் பக்கத்தில் உட்கார்ந்து, தலையணையை நகர்த்திவைத்துச் சொல்லிக்கொடுக்கப் போன வருஷம் பெற்றவளால் முடியும். “எனக்கும் முதல் வாரம் இப்படித்தான் இருந்தது” என்று அவள் சொல்கிற ஒரு வார்த்தைக்கு இருக்கிற பலம் என் உபதேசத்துக்கு இல்லை. கோவாவில், பிள்ளை பெற்ற சாதாரணப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, மனம் சோர்ந்த கர்ப்பிணிகளின் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தத் துணைப்பெண்களுக்குச் சகி என்று பெயர்.

அப்படித் துணைக்குப் போகிறவள் ஈசன் போன மாதிரி போக வேண்டும். அவர் அந்த வீட்டுக்குள் போய்க் குற்றம் சொல்லவில்லை. “பால் பத்தலையா? பிள்ளை இளைச்சிருக்கே” என்று கேட்டுவிட்டு வருவதற்குப் பெயர் உதவி இல்லை. “நீ சாப்பிட்டியா, தூங்கினியா?” என்று கேளுங்கள். பிள்ளையை வாங்கி வைத்துக்கொண்டு அவளைக் குளித்துவிட்டு வரச் சொல்லுங்கள். அவள் பேசினால் குறுக்கே பேசாதீர்கள். கேட்டதை அவள் மாமியாரிடம் போய்ச் சொல்லாதீர்கள். அந்த நம்பிக்கை உடைந்தால் மறுபடி வாய் திறக்க மாட்டாள். அவளுக்குத் தெம்பு வந்ததும் ஒதுங்கிக்கொள்ளவும் தெரிய வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இரண்டு வாரத்துக்கு மேலும் அழுகை நிற்கவில்லை என்றாலோ, சாக வேண்டும்போல இருக்கிறது என்றோ பிள்ளையை ஏதாவது செய்துவிடுவேனோ என்றோ அவள் சொன்னாலோ, விபூதி பூசுவதோடு நிறுத்தாதீர்கள். தனியே விடாமல் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். 104-க்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள்.

இந்தச் சபையில் கைப்பிள்ளையோடு வந்திருக்கிற தாய்மார்களிடம்தான் என் வேண்டுதல். உங்கள் தெருவில் யார் வீட்டில் புதிதாகத் தொட்டில் கட்டியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். நாளைக்கே ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.