இருளில் இறங்கிய நாதம்

நாதப்பிரம்மமே, எங்கே வந்து இறங்கினாய்! எந்த உள்ளத்தை உன் சந்நிதியாக வரித்தாய்! 1854 பிப்ரவரி 17, ரைன் நதிதீரத்து டுசல்டார்ஃப் நகரில் நிசிவேளை. நாட்கணக்கில் ஒற்றை ஸ்வரம் செவிக்குள் ஓயாது ரீங்கரித்து வதைக்க, நித்திரை இழந்து நைந்து கிடந்த இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமன் சட்டென்று எழுந்து, தேவதூதர்கள் பாடித் தந்தார்கள் என்று சொல்லி ஒரு மெட்டை எழுதிக்கொண்டாரே, அந்த க்ஷணத்தை எண்ணும்போதெல்லாம் என் நெஞ்சம் மெழுகாய் உருகுகிறது. ஆஹா, அது என்ன மெட்டு! ஈ பிளாட் மேஜரில், ஆரவாரம் அடங்கிய சாந்த ஸ்வரூபம்!

முந்தைய ஆண்டில் தாமே இயற்றிய வயலின் கான்செர்ட்டோவின் மத்திய பாகத்தில் சுரந்த மெட்டின் சாயல்தான் இது என்பதை அவர் உணரவில்லை. உணராவிட்டால் என்ன! 1840ல், கிளாராவின் கரம்பற்றிய ஆண்டில், நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களைப் பொழிந்த மகாகலைஞர், என்னுடையது என்ற எண்ணமே கரைந்துபோய், தம் இசையையே பிரசாதமாகக் கையேந்தி வாங்கிக்கொண்டாரே! அந்தப் பேறு யாருக்கு வாய்க்கும்!

விடிந்தது. தேவகானம் பேய்க்கூச்சலாயிற்று. புலிகளும் கழுதைப்புலிகளும் சூழ்ந்து உறுமுவதாக அலறினார். ஐயோ! அந்தக் கோர இருளிலும் அம்மெட்டையே விதவிதமாக மாற்றி விரிக்கும் வேரியேஷன்கள் எழுதலானார். கிளாராவுக்குத் தம்மால் தீங்கு நேருமோ என்று நடுங்கி, தம்மை மனநோய் மருத்துவமனையில் சேர்க்கும்படி தாமே வேண்டினார். பிப்ரவரி 27 அன்று, பிரதியெடுத்துக்கொண்டிருந்த தாள்களை விட்டெழுந்து, மழையில் நடந்து, ரைன் நதியில் குதித்தார். கரைசேர்த்தார்கள். மறுநாள், ஆம், மறுநாளே, வேரியேஷன்கள் ஐந்தையும் பிரதியெடுத்து முடித்துக் கிளாராவுக்கு அர்ப்பணித்தார்! கருணாசாகரமே, நதி விழுங்கவிருந்த கரத்தைப் பற்றி எழுதவைத்தவன் நீயல்லவா!

நோய்தான் அவரது மேதைமையின் ஊற்று என்பாருண்டு. என் உள்ளம் ஒருபோதும் ஒப்பாது. நோய் அவரிடமிருந்து உறக்கத்தையும் இல்லத்தையும் பறித்தது; இறுதியில் இசையையும் பறித்தது. மார்ச் 4ல் பான் நகரை அடுத்த எண்டெனிஷ் மருத்துவமனைக்குச் சென்றவர் 1856 ஜூலை 29ல் அங்கேயே அடங்கினார். பாடியதெல்லாம் உன் அருளே!

கிளாரா அந்தப் பிரதியை அச்சுக்குத் தராமல் காத்தார். அதே மெட்டின்மீது 1861ல் இசையமைப்பாளர் பிராம்ஸ் நான்கு கைகள் வாசிக்கும் பியானோ வேரியேஷன்களை இயற்றி வணங்கினார். ஷூமனின் மூலப்படைப்பு 1939ல் வெளியாயிற்று; ‘கோஸ்ட் வேரியேஷன்ஸ்’ என்று வழங்குகிறது. அன்பரே, ஒருமுறை தனித்திருந்து அதைக் கேளுங்கள்.