சட்டம் அவன் பக்கம்... தர்மம் யார் பக்கம்?



'ஊரில் இதுதான் வழக்கம். விதிமுறையிலேயே இதற்கு இடம் இருக்கிறது. நடுவில் நீ யார் கேட்பதற்கு?'

இந்தக் கேள்விக்கு முன்னால் வாயடைத்து நிற்காதவர் நம்மில் எத்தனை பேர்? நடப்பது தப்பு என்று மனசு அடித்துக்கொள்ளும். ஆனால், சட்டமோ செய்கிறவர் பக்கம் நிற்கும். அப்போது தர்மத்துக்காகப் போராட நினைப்பவர் என்ன செய்வது? கத்தியைத் தூக்குவதா? கண்ணை மூடிக்கொள்வதா?

மகாபாரதத்தின் சபா பர்வத்தில், சாட்சாத் கண்ணபிரானே இந்தக் கேள்வியை எதிர்கொள்கிறார். 'பீமன் ஜராசந்தனை இரண்டாகக் கிழித்தான்' என்ற ஒற்றை வரியோடு நாம் தாண்டிப் போய்விடுகிற கதைதான். ஆனால் சண்டையைவிட, அதற்கு முன்னால் நடந்த பேச்சில்தான் விஷயமே இருக்கிறது!

மகத தேசத்தின் தலைநகரம் கிரிவ்ரஜம். ஐந்து மலைகள் அரணாகச் சூழ்ந்த ஊர். இன்றைக்கு பீகார் மாநிலம் நாளந்தா மாவட்டத்தில் ராஜ்கிர் என்ற பெயரில் இருக்கிறது. வெந்நீர் ஊற்றுகளில் நீராட பக்தர்கள் கூடும் தலம் அது. காசி, கயை யாத்திரை போகிறவர்கள் அங்கும் போய்வருவது உண்டு. 'ஜராசந்தனின் மல்யுத்தக் களம்' என்று ஓர் இடத்தை இன்றும் காட்டுகிறார்கள்.

ஜராசந்தனின் பிறப்பே விசித்திரம். பிள்ளையில்லாத பிருகத்ரத மன்னனுக்கு சண்டகௌசிக முனிவர் ஒரு மாம்பழம் தந்தார். மன்னனுக்கோ இரண்டு மனைவியர். இருவரும் காசி மன்னனின் இரட்டைப் பெண்கள். யாருக்கும் மனக்குறை வரக் கூடாதே என்று ஆளுக்குப் பாதி கொடுத்தான். பிள்ளையும் பாதி பாதியாகப் பிறந்தது! வெளியே எறியப்பட்ட அந்தப் பாதிகளை, ஜரை என்ற அரக்கி சேர்த்து வைக்க, முழுக் குழந்தையாகி வீறிட்டு அழுதது. ஜரையால் சேர்க்கப்பட்டவன், ஆகவே ஜராசந்தன். (அரக்கி என்று பெயர். ஆனால், அழுத குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் அப்பனிடம் கொடுத்தவள் அவள்தான். அவளுக்கும் ஒரு கும்பிடு போடலாம்!)

வளர்ந்த ஜராசந்தன் கம்சனுக்கு மாமனார் ஆனான். மருமகனைக் கொன்ற கண்ணன் மேல் தீராத பகை. மதுரா மீது 17 முறை படையெடுத்தான் என்கிறது பாகவதம். இவன் தொல்லையால்தான் யாதவர்கள் துவாரகைக்கே குடிபெயர்ந்தார்கள்.

இவையெல்லாம் பெரிதல்ல. போரில் தோற்ற அரசர்களைப் பிடித்துவந்து மலைக்கோட்டையில் அடைத்தான். நூறு பேர் சேர்ந்ததும் சிவபெருமானுக்குப் பலி கொடுப்பதாகச் சங்கல்பம். வியாசர் கணக்கில் 86 பேர் சேர்ந்துவிட்டார்கள். இன்னும் 14 பேர்தான் பாக்கி!

இங்கே கவனியுங்கள். ஜராசந்தன் திருட்டுத்தனமாக எதையும் செய்யவில்லை. அவன் நாட்டில் அவன் வைத்ததே சட்டம். தோற்றவன் வென்றவனுக்கு உடைமை என்று அவன் க்ஷத்திரிய தர்மத்தையே சாட்சிக்கு அழைத்தான். மேலே பக்திப் போர்வை வேறு. தினப்படி பூஜை, விரதம், தானம் எதிலும் அவனுக்குக் குறைவில்லை. விரதம் முடித்த அந்தணர் நடுநிசியில் வந்தாலும் எழுந்துபோய் உபசரிக்கிற மனிதன். கெட்டவன் என்றால் எல்லாவற்றிலும் கெட்டவனாகத்தான் இருப்பான் என்று நாம் நினைத்துக்கொள்கிறோமே, அது எவ்வளவு தவறு, பார்த்தீர்களா?

தருமபுத்திரர் ராஜசூய யாகம் செய்ய ஆசைப்பட்டபோது, 'இவன் இருக்கும்வரை நடக்காது' என்றார் கண்ணன். தருமர் தயங்கினார். பீமனும் அர்ஜுனனும் தன் இரு கண்கள், கண்ணன் தன் மனம். மூவரையும் ஆபத்தில் தள்ளி எனக்கு யாகம் எதற்கு என்று பின்வாங்கினார். அந்தத் தயக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. நியாயத்துக்காகப் புறப்படுகிறவர் முதலில் 'இதில் என் லாபம் எவ்வளவு?' என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும் அல்லவா?

படை இல்லை, தேர் இல்லை. மூன்றே பேர், விரதம் முடித்த அந்தணர் வேடத்தில் போனார்கள். நகர வாசல் வழியாக நுழையவில்லை. சைத்யக மலைச் சிகரத்தை இடித்துத் தள்ளிவிட்டு நுழைந்தார்கள். நடுநிசியில் ஜராசந்தன் பூஜைப் பொருட்களோடு வரவேற்க வந்தான். அதை அவர்கள் ஏற்கவில்லை. கைகளில் நாண் உரசிய தழும்பைப் பார்த்துவிட்டு, 'யார் நீங்கள்? ஏன் வாசல் வழி வரவில்லை? ஏன் என் உபசாரத்தை ஏற்கவில்லை?' என்று கேட்டான்.

கண்ணன் மழுப்பவில்லை. நண்பன் வீட்டுக்குத்தான் வாசல் வழி வருவது வழக்கம், எதிரியின் வீட்டுக்கு அல்ல என்றார். எதிரியின் பூஜையை ஏற்பதில்லை என்றார்.

'உங்களுக்கு நான் என்ன கெடுதல் செய்தேன்?' என்றான் ஜராசந்தன். எப்பேர்ப்பட்ட கேள்வி! இந்தக் காலத்திலும் எல்லோரும் கேட்பது இதைத்தானே... 'உனக்கா செய்தேன்? உனக்கென்ன வந்தது?'

கண்ணன் மதுரா படையெடுப்புகளைச் சொல்லிக் காட்டியிருக்கலாம். அவர் எடுத்துச் சொன்ன குற்றம் வேறு. சிறையில் கிடக்கும் அரசர்களைத்தான் சொன்னார். தர்மத்தைக் காக்கும் சக்தி இருந்தும் நாங்கள் சும்மா இருந்தால், நீ செய்யும் பாவம் எங்களையும் தொடும் என்றார். சங்கரனுக்கு மனிதரைப் பலியிடுவது எங்கே உண்டு என்றும் கேட்டார். பிறகு தன் பெயரையும், உடன் வந்த இருவரின் பெயரையும் வெளிப்படையாகச் சொல்லி, இரண்டு வழிகளைக் காட்டினார்: அரசர்களை விடுதலை செய், இல்லையேல் போருக்கு வா.

முதல் வழி திறந்துதான் இருந்தது! அதை மூடியவன் ஜராசந்தன். தெய்வத்துக்கென்று கொண்டுவந்தவர்களைப் பயந்துபோய் விடமாட்டேன் என்றான். மூவரில் யாரோடு மோதுவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமையையும் அவனுக்கே கொடுத்தார்கள். அவன் பீமனைத் தேர்ந்தெடுத்தான். கார்த்திகை மாதத்தின் முதல் நாள் தொடங்கிய மல்யுத்தம், 14-ஆம் நாள் இரவு அவன் களைத்த பிறகே முடிவுக்கு வந்தது என்பது வியாசர் வாக்கு. பாகவதத்தில் 27 நாட்கள். புல்லைக் கிழித்துக் கண்ணன் ஜாடை காட்டியதெல்லாம் பாட்டி சொல்லி நீங்கள் அறிந்த கதைதான்.

சரி, நமக்கு இதில் என்ன?

1829 டிசம்பர் 4 வரை, வங்காளத்தில் உடன்கட்டை ஏற்றுவதைச் சட்டம் தடுக்கவில்லை. ராஜாராம் மோகன்ராய் போன்றவர்கள் வருடக்கணக்கில் எழுதியும் பேசியும் வாதாடிய பிறகே, பெண்டிங்க் பிரபு காலத்தில் தடை வந்தது. டிசம்பர் 3-ஆம் தேதி சட்டப்படி சரியாக இருந்தது, மறுநாள் குற்றமாயிற்று. பாவம் மட்டும் இரண்டு நாளும் பாவம்தான்!

அவ்வளவு தூரம் போவானேன்? உங்கள் அடுக்ககத்துக்கே வாருங்கள். 'வேலைக்கு வருகிறவர்கள் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது' என்று சங்கத்தில் தீர்மானம் போட்டு ஒட்டியிருக்கும் குடியிருப்புகள் உண்டு. முழங்கால் வலியோடு நாலு மாடி ஏறி வந்து உங்கள் வாசலில் கோலம் போடுகிறாள் ஒருத்தி. அந்தக் கோலத்தைத் தாண்டித்தான் மகாலட்சுமி உள்ளே வர வேண்டும்!

யாரும் பார்க்காத நேரத்தில் அவளை உங்களோடு லிஃப்டில் ஏற்றிக்கொள்கிறீர்கள். நல்ல மனசுதான். ஆனால், உங்கள் கண் மறைந்த நேரத்தில் திட்டு வாங்கப்போவது யார்? அவள்தானே! கண்ணன் நடந்துகொண்ட விதத்தை இங்கே நினைத்துப் பாருங்கள். சங்கக் கூட்டத்தில் எழுந்து, உங்கள் பெயரில், உங்கள் வாயால் கேளுங்கள். 'எங்கள் வீட்டுக்கு வருகிறவருக்கு இந்த விதி வேண்டாம், எடுத்துவிடுங்கள்' என்று எழுதிக் கொடுங்கள். செயலாளர் வீட்டு மாமி கொழுக்கட்டையோடு வந்து சமாதானம் பேசினால், கொழுக்கட்டைக்காகக் கோரிக்கையை விட்டுவிடாதீர்கள். அதே சமயம், அந்த மாமிக்கும் விதியை மாற்றிக்கொள்ள ஒரு கௌரவமான வழி இருக்கட்டும். பழைய பகையை, பார்க்கிங் தகராறை எல்லாம் இதில் கொண்டுவந்து சேர்க்காதீர்கள். நியாயத்துக்காக எழுந்த குரல் பல வீடுகளில் கெட்டுப்போவது அந்த இடத்தில்தான்.

இன்றைக்கு யாரும் யாரோடும் மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை. மனு கொடுக்கலாம், வாக்களிக்கலாம், நீதிமன்றப் படி ஏறலாம். பீமனின் தோள்வலிமை நமக்கு வேண்டாம். 14 நாள் களைக்காத அந்தப் பொறுமை வேண்டும்.

ஜராசந்தன் விழுந்த பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கண்ணன் முதலில் போனது சிறைக்கூடத்துக்கு. கதவு திறந்தது, அரசர்கள் வெளியே வந்தார்கள். 'கைம்மாறாக என்ன செய்யட்டும்?' என்று கேட்டவர்களிடம், தருமரின் யாகத்துக்கு உதவுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். ஜராசந்தனின் தேரை, முன்பு இந்திரனுடையதாக இருந்த தேரை, எடுத்துக்கொண்டார். நாட்டை எடுத்துக்கொள்ளவில்லை. ஜராசந்தனின் மகன் சகாதேவன், புரோகிதரை முன்னால் விட்டுக்கொண்டு, நடுங்கியபடி வந்து வணங்கினான். அவனுக்கு அபயம் தந்து, அங்கேயே, அப்போதே மகத நாட்டுக்குப் பட்டம் கட்டினார் பகவான். பின்னாளில் குருக்ஷேத்திரத்தில் அந்தச் சகாதேவன் வந்து நின்றது, பாண்டவர்கள் பக்கம்.