முப்பத்திரண்டு கவளம்

உடல் எடையைக் குறைக்கும் பொருட்டு உணவைக் குறைத்தல் தவமாகுமா? இவ்வினா இந்நாளில் நம் இல்லங்கள் பலவற்றில் எழுகிறது. அஷ்டமி, சதுர்த்தசிகளில் பாட்டியார் உபவாசம் இருக்கிறார். அதே வீட்டில் பேத்தி கலோரிக் கணக்குப் பார்த்து மாலை உணவை ஒதுக்குகிறாள். இருவர் இலையும் வெறுமையாகவே கிடக்கிறது.

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் சமண முனிவர் துயின்ற கற்படுக்கைகள் உள்ள குகையை அன்பர்கள் பலர் கண்டிருப்பீர்கள். நாளொன்றுக்கு ஒரு முறையே, அதுவும் வயிறு நிரம்புமுன் நிறுத்தி உண்பது முனிவர் ஒழுக்கம். இதனை அவமோதரியம் என்று பெயரிட்டுப் புறத்தவம் ஆறனுள் இரண்டாவதாக வைத்தனர். குறைத்தல் என்றால் எதனினின்று குறைத்தல்? 9-ஆம் நூற்றாண்டில் வீரசேனாசாரியர் இயற்றிய தவளா உரை இதற்கு அளவு கூறுகிறது. ஆயிரம் அரிசியைச் சமைத்த சோறு ஒரு கவளம். ஆடவர்க்கு இயல்பான உணவு 32 கவளம், மகளிர்க்கு 28.

இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஆயிரம் அரிசி, மெல்லிய வகையாயின் ஏறத்தாழ 15 கிராம். பருமனாயின் 20 கிராம். நூறு கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி உண்டு. ஆகவே 32 கவளம் ஏறக்குறைய 1700 முதல் 2240 கலோரி வரை ஆகிறது. 28 கவளம் 1470 முதல் 1960 வரை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட அளவோ, அமர்ந்து பணிபுரியும் 65 கிலோ எடையுள்ள ஆடவர்க்கு 2110. 55 கிலோ எடையுள்ள மகளிர்க்கு 1660. முன்னோர் இக்கால அறிவியலை அன்றே கண்டனர் என்று மார்தட்ட வேண்டியதில்லை. மக்கள் உண்பதை அவர்கள் உற்றுநோக்கினர், அவ்வளவே.

உழைப்பு மிகுந்தால் தேவையும் மிகும். நடுத்தர உழைப்புடைய ஆடவர்க்கு 2710. திருவெறும்பூர்க் கொதிகலன் ஆலையில் நின்று பணியாற்றியவர் ஓய்வுபெற்று ஸ்ரீரங்கத்தில் குடியேறிப் பழைய அளவே உண்பாராயின், நாளொன்றுக்கு 600 கலோரி மிகுதியாகிறது. அம்மிகுதி கொழுப்பாகச் சேரும். நடந்தே கரைத்துவிடலாம் என்பார் உளர். மலைக்கோட்டையின் உச்சிவரை ஏறினும் 65 கிலோ எடையுள்ளவர்க்குச் செலவாவது 50 கலோரி அளவே. அது ஓர் இட்டிலிக்கும் ஈடாகாது! ஒரு கவளத்தை விடுவது அதனினும் எளிது. முப்பத்திரண்டில் ஒன்று குறையினும் அவமோதரியமே என்பது நூற்கருத்து.

இனி முதல் வினாவுக்கு வருவோம். பூஜ்யபாதர் தம் சர்வார்த்தசித்தியில் இத்தவத்தின் பயன்களைக் கூறுமிடத்து, சோர்வின்றி விழித்திருத்தல், மனநிறைவு, நூல் ஓதுதற்கு எளிமை ஆகியவற்றோடு உடற்குற்றங்கள் தணிதலையும் சேர்த்துள்ளார். எனவே நலம் கருதிக் குறைத்து உண்பவரைத் தவநெறிக்குப் புறம்பானவர் என்று தள்ளுதல் தகாது. கண்ணாடிமுன் நின்று, பிறர் கண்ணுக்கு மெலிந்து தோன்றும் பொருட்டுப் பட்டினி கிடத்தல் வேறு. அங்கே குறைவது சோறு மட்டுமே, பற்று வளர்கிறது. அதற்கு விரதம் என்று பெயர் சூட்டும்போது தீங்கு மறைந்துகொள்கிறது. விரதம் என்ற சொல்லைக் கேட்ட பெற்றோர் மேற்கொண்டு வினவுவதில்லை. வளரும் பெண்ணுக்கோ 1660-ஐ விட மிகுதியாகவே உணவு வேண்டும்.

மறுபுறம், உபவாசத்திற்கு மறுநாள் இழந்ததை எல்லாம் எண்ணெய்ச்சட்டியில் மீட்பவர்களும் உளர். ஸ்ரீரங்கத்தில் ஏகாதசியன்று அரிசியை விலக்கிப் பலகாரத்தால் வயிற்றை நிரப்புவோரை நகைப்பதற்குமுன் நம் அடுக்களையையும் சற்று நோக்குதல் நன்று.

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் ஏற்றிக்கொள்வோர் மருத்துவரைக் கேளாது உபவாசம் ஏற்றலாகாது. குருதியில் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து உயிருக்கே இடர் நேரலாம். அத்தகையோர்க்கு நான்காம் புறத்தவமாகிய ரசபரித்தியாகம் இருக்கிறது. பால், தயிர், நெய், எண்ணெய், இனிப்பு, உப்பு என்பவற்றுள் ஒன்றையோ பலவற்றையோ விடுதல் அது. ஒரு மேசைக்கரண்டி நெய்யில் மட்டும் ஏறத்தாழ 120 கலோரி உள்ளது. ஆயிரம் அரிசிக் கணக்கில் அது இரண்டு கவளம்.