பத்து ரூபாய் பாட்டில்

வீரபாண்டியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பாறைக்குழி உண்டு. கல் எடுத்து முடிந்தபின் வருஷக்கணக்கில் குப்பை கொட்டியே அதை மூடிவிட்டார்கள். போன வருஷம் கட்டடம் கட்ட ஜேசிபி வைத்து ஓரத்தை வெட்டினார்கள். மேலே பாலித்தீனும் பனியன் வேஸ்ட்டும், அதற்குக் கீழே கறுத்த மண்ணும் கண்ணாடியும் வந்தன. சாக்குப்பையோடு நின்ற ஆயா கையில் ஒரு பழைய கோலி சோடா பாட்டில். விரிசல்கூட இல்லை. உள்ளே கோலி அப்படியே.

"இத எனக்குக் குடுப்பீங்களா ஆயா?"

"பத்து ரூபா குடு கண்ணு."

கொடுத்தேன். இரும்புக்கடையில் அவருக்கு இரண்டு ரூபாய்கூடக் கிடைக்காது. பழைய பாட்டில் சேர்க்கிற ஒருவர் எனக்கு 800 தருவார். இது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

1872இல் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை வாங்கிய வடிவம் இது. உள்ளிருக்கும் வாயுவே கோலியைக் கழுத்து ரப்பரோடு அழுத்தி மூடிவிடும். கோலிக்காகப் பிள்ளைகள் உடைத்தே தீர்த்ததால் பழசு முழுசாகக் கிடைப்பது அபூர்வம். (நானும் உடைத்தவன்தான்.)

பொ.மு. 44இல் சிசரோ தன் மகனுக்காக எழுதிய கடமைகள் பற்றிய நூலில் ஏறக்குறைய இதே கேள்வி இருக்கிறது. ஒருவன் பித்தளை என்று நினைத்துத் தங்கத்தை விற்கிறான். வாங்க வந்த நல்லவன் உண்மையைச் சொல்ல வேண்டுமா, கிடைத்த விலைக்கு வாங்கிக்கொண்டு நடையைக் கட்டலாமா? இந்த மாதிரி விஷயங்களில் பாபிலோனின் டயோஜெனிஸும் அவர் மாணவர் ஆன்டிபேட்டரும் எதிரெதிர் கட்சி. சொல்லாமல் இருப்பது மறைப்பது ஆகாது என்பார் ஆசிரியர். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்கும் தெரிய வேண்டும் என்பார் மாணவர்.

நண்பன் டயோஜெனிஸ் கட்சி. "வெள்ளை வேஸ்ட் என்ன விலை, கலர் என்ன விலைன்னு அந்தம்மா தூக்கத்துல கேட்டாலும் சொல்லும். அங்க நீ போனா ஏமாளி. நீ படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதுக்கு மட்டும் ஏன்டா கூச்சம்?"

நியாயமான கேள்விதான். ஆனால் பத்து ரூபாயை நீட்டும்போது என் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பாடுபட்டேனே, அதுதான் உறுத்தியது. தெரிந்துவைத்திருப்பது மட்டும்தான் என் பங்கு என்றால் அந்த நடிப்பு எதற்கு?

நாலு நாள் கழித்து ஆயாவைத் தேடிப் போய் விஷயத்தைச் சொல்லி 400 கொடுத்தேன். வாங்கி மடியில் முடிந்துகொண்டார். எனக்கு மனசு லேசாகிவிட்டது.

அடுத்த வாரம் பார்த்தால் ஆயா கம்பியை வைத்துத் தனியாக அந்த ஓரத்தைத் தோண்டிக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் மேலே கிடப்பதைப் பொறுக்குவாரே தவிர தோண்ட மாட்டார். இடது கையில் பனியன் துணி சுற்றியிருந்தது, ரத்தம் ஊறி.

"கண்ணாடி கிழிச்சுப்போட்டுது சாமி. இது எவ்வளவுக்குப் போகும், பாரு."

கழுத்து உடைந்த பாட்டில். கோலி இல்லை. எந்தச் சேகரிப்பாளரும் தொட மாட்டார்.

"நூறு போகும் ஆயா" என்றேன். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டுதான்.