மறதிக்கு யார் பொறுப்பு?

மறப்பது ஒருவர் செய்யும் செயலா, அவருக்கு நேரும் ஒன்றா என்பதில் அறநூல்களும் சமயநூல்களும் ஒரே முடிவுக்கு வரவில்லை. மொழிகளும் இதில் ஒத்துப்போவதில்லை. ஆங்கிலத்தின் ‘ஃபர்கெட்’ என்ற வினைக்கு மறக்கிற ஆளே எழுவாய். தமிழில் ‘நான் மறந்துட்டேன்’ என்றும் சொல்லலாம், ‘எனக்கு மறந்துபோச்சு’ என்றும் சொல்லலாம். பால் வாங்காமல் வீடு திரும்பியவர் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் சொல்வார். அதில் பழி அவர்மேல் விழுவதில்லை. ஆனால் ‘மறக்காதே’ என்ற ஏவல் இரண்டு மொழிகளிலும் தாராளமாகப் புழங்குகிறது. தன் வசத்தில் இல்லாததைச் செய்யாதே என்று யாரும் யாரையும் ஏவுவதில்லை. ஆகவே மறதியில் ஏதோ ஒரு பங்கு மறப்பவருடையது என்றுதான் எல்லாரும் நம்புகிறார்கள். எந்தப் பங்கு என்பதே கேள்வி.

வள்ளுவர் இதற்கு ஒரு தனி அதிகாரமே வைத்தார்: 54ஆவது, பொச்சாவாமை. அளவு கடந்த சினத்தைவிட, மகிழ்ச்சியின் களிப்பில் வரும் மறதி தீயது என்று அது தொடங்குகிறது. மடியின்மை அதிகாரத்தில் மறதியை அவர் காலம் தாழ்த்தல், சோம்பல், தூக்கம் ஆகியவற்றோடு ஒரே வரிசையில் வைக்கிறார். இரண்டு இடங்களிலும் அவர் பார்வை மறந்த கணத்தின்மேல் இல்லை, அதற்கு முன்னால் இருந்த நிலையின்மேல் இருக்கிறது. நினைவு நழுவிய அந்த நொடியில் யாராலும் எதுவும் செய்ய முடியாது. நழுவும்படி தன்னை விட்டுவைத்தது மட்டும் அவரவர் செயல். இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடைகளில் இதுவே உறுதியானது.

இஸ்லாமியச் சட்டம் இதே சிக்கலை வேறு வழியில் அவிழ்க்கிறது. நோன்பு வைத்தவர் மறந்துபோய்ச் சாப்பிட்டால், அவருக்கு உணவளித்தவன் அல்லாஹ், நோன்பைத் தொடரட்டும் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டு தொகுப்புகளிலும் உள்ள நபிமொழி. ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகள் என்ற சட்டப் பள்ளிகளின்படி அந்த நோன்பு முறியாது; மாலிக்கி மத்ஹபு ரமலான் நோன்பைக் களா செய்யச் சொல்கிறது, அதாவது பின்னர் ஒரு நாள் ஈடாக நோற்கச் சொல்கிறது. ஆனால் தொழுகையை மறந்தவர், நினைவு வந்ததும் அதைத் தொழுதாக வேண்டும். பாவம் நீங்கிவிடுகிறது, கடமை நீங்குவதில்லை. யூதச் சட்டத்தில் இதைவிட விசித்திரமான ஒரு விதி உண்டு. அறுவடையில் மறந்து விட்டுவந்த கதிர்க்கட்டைத் திரும்பப் போய் எடுக்கக் கூடாது. அது அயலானுக்கும் அநாதைக்கும் விதவைக்கும் உரியது என்கிறது உபாகமம் 24ஆம் அதிகாரம். இந்தக் கட்டளையைத் திட்டமிட்டு நிறைவேற்ற வழியே இல்லை. வேண்டுமென்றே விட்டுவந்த கட்டு, மறந்த கட்டு ஆகாது.

கடவுளை மறப்பது என்று வரும்போது கணக்கு மாறிவிடுகிறது. சீக்கியர்கள் மாலையில் ஓதும் ரெஹ்ராஸில் குரு நானக் இதைச் சாவும் வாழ்வுமாகவே வைக்கிறார்: நாமத்தைச் சொன்னால் உயிர், மறந்தால் மரணம். சைவ சித்தாந்தம் ஒரு படி மேலே போய், உயிரின் அறியாமைக்கு மூலம் ஆணவ மலம் என்கிறது. அதோடு நிற்காமல், மறைத்தலையும் இறைவனின் ஐந்தொழில்களில் ஒன்றாக வைக்கிறது. வினைகளை அனுபவித்து உயிர் பக்குவப்படும்வரை உண்மையை மறைத்துவைப்பதும் அருளே என்பது அதன் விளக்கம். மறைப்பது இறைவன் என்றால் மறக்கும் உயிரை எப்படிக் குற்றம் சொல்வது என்று கேட்கத் தோன்றும். மலம் உயிரோடு அநாதியாகவே ஒட்டியிருப்பது, இறைவன் அதைக் கொடுக்கவில்லை என்று சித்தாந்திகள் பதில் சொல்வார்கள். கேள்வி அதோடு முழுக்க அடங்கிவிடுவதில்லை.

மறக்கச் சொல்லும் கட்டளை, மறக்காதே என்பதைவிடக் கடினமானது. நன்மையை மறப்பது நன்றல்ல, தீமையை அன்றைக்கே மறப்பது நல்லது என்கிறது 108ஆவது குறள். முயன்று மறக்க முடியுமா? அடுத்த குறள் ஒரு வழி காட்டுகிறது: கொல்வது போன்ற கேட்டைச் செய்தவரே ஆனாலும், அவர் முன்பு செய்த ஒரு நன்மையை நினைத்தால் அந்தக் கேடு மறைந்துவிடும். அதாவது, மறப்பதற்கு இன்னொன்றை நினைக்க வேண்டும். ஆனால் இந்த அறிவுரை தீமையை அனுபவித்தவருக்குச் சொன்னது. அதைச் செய்தவரும் பார்த்து நின்றவரும் இதை எடுத்துக்கொண்டால், அது பொறுமை ஆகாது, தப்பிக்கும் வழி ஆகிவிடும்.

இந்த வேறுபாட்டுக்கு மேற்கு லண்டனின் ஹவுன்ஸ்லோவில் ஒரு வழக்கு இருக்கிறது. 1846 ஜூன் 15 அன்று அங்குள்ள குதிரைப்படை முகாமில், 7ஆவது ஹுசார் படையைச் சேர்ந்த சிப்பாய் ஃப்ரெடெரிக் ஜான் வைட்டுக்கு 150 கசையடி கொடுக்கப்பட்டது. சார்ஜென்டை இரும்புக் கம்பியால் அடித்தார் என்பது குற்றம். ஜூலை 11இல் அவர் இறந்தார். சாவுக்கும் கசையடிக்கும் சம்பந்தமில்லை என்று ராணுவ மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். அப்படியே புதைத்திருந்தால் பேச்சு அதோடு முடிந்திருக்கும். ஆனால் ஹெஸ்டன் தேவாலயத்தின் பாதிரியார் அடக்கத்தை நிறுத்திவைத்து, மரண விசாரணை அதிகாரி தாமஸ் வாக்லிக்குத் தகவல் கொடுத்தார். ‘லான்செட்’ மருத்துவ இதழை 1823இல் தொடங்கியவர் இந்த வாக்லிதான். எராஸ்மஸ் வில்சன் என்ற அறுவை மருத்துவரும் உடலைப் பரிசோதித்தார். கசையடியே சாவுக்குக் காரணம் என்று ஜூரி முடிவு சொன்னது.

வைட் தன்னை அடித்தவர்களை மன்னித்திருக்கலாம், மறந்தும் இருக்கலாம். அது அவருடைய உரிமை. பாதிரியாருக்கு அந்த உரிமை இல்லை, அவர் அதை எடுத்துக்கொள்ளவும் இல்லை. அந்த ஆண்டே தலைமைத் தளபதி வெலிங்டன் பிரபு கசையடிக்கு 50 என்று உச்சவரம்பு வைத்தார். 1868இல் அமைதிக் காலத்தில் அந்தத் தண்டனை நிறுத்தப்பட்டது. பிரிட்டிஷ் ராணுவம் அதைப் போர்க்காலத்திலும் கைவிட 1881 வரை ஆனது.