உடல்களை எடுத்தவர்களின் உறக்கம்

2004 டிசம்பர் 26 காலையில் நாகப்பட்டினம் மாவட்டக் கரையைக் கடல் புரட்டிப்போட்டது. அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், வேளாங்கண்ணி எனக் கரை நெடுகச் சடலங்கள். அவற்றை எடுத்துப் புதைக்க வெளியூர்களிலிருந்து துப்புரவுப் பணியாளர்கள் வரவழைக்கப்பட்டார்கள். சொந்தங்களைத் தேடி அலைந்த மீனவர்களும் அக்கம்பக்கத்தாரின் உடல்களைத் தூக்கினார்கள்.

இத்தகைய பேரதிர்ச்சி பின்னாளில் தரும் மனநோய்க்கு 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தனிப்பெயர் தந்தது. கண்ட காட்சி கனவில் திரும்பத் திரும்ப வரும். அந்த இடத்தையும் அந்தப் பேச்சையும் மனம் ஒதுக்கும். சின்னச் சத்தத்துக்கும் உடம்பு தூக்கிவாரிப்போடும். எல்லோருக்கும் இது வருவதில்லை. பெரும்பாலோர் உற்றார் துணையோடு மெல்லத் தேறிவிடுகிறார்கள். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வேலையையும் குடும்பத்தையும் குலைத்தால் சிகிச்சை தேவை. அதே சங்கம் 2013-ல் வெளியிட்ட கையேடு, இறந்தோரின் உடல் எச்சங்களைச் சேகரிக்கும் பணியாளர்களையே இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறது.

சுனாமிக்குப் பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம், உயிர் தப்பியவர்களுக்கு மன ஆறுதல் தரச் சமூகப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. அருமையான பணி. ஆனால், மீட்கப் போனவர்களின் மனதை யார் விசாரிப்பது?

மீட்பு வீரரைத் தைரியசாலி என்று புகழ்கிறோம். அந்தப் புகழே அவர் வாயை அடைத்துவிடுகிறது. பயமாக இருக்கிறது என்று அவர் யாரிடம் சொல்வார்? துப்புரவுப் பணியாளருக்கோ அந்தப் புகழும் இல்லை. பிணம் தூக்குவது அவருக்குப் பழகிய வேலைதானே என்று ஊர் நினைக்கிறது. சாதி கற்றுக்கொடுத்த நினைப்பு அது.

நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதலில் 343 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். ஏறத்தாழ பத்தாண்டு கழித்து, 2011 தொடக்கத்தில் கையெழுத்தான சட்டம், மீட்பு வீரர்கள், இடிபாடுகளை அள்ளிய தொழிலாளர்கள், அப்பகுதிவாசிகள் என எல்லாருக்கும் மருத்துவ உதவி தருகிறது. மனநோய்க்கான சிகிச்சையும் அதில் அடக்கம்.

இங்கும் அத்தகைய உதவி வேண்டும். ஆனால், பேரிடர் நிகழ்ந்த கையோடு ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டித்தீர்க்கச் சொல்வதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. அதற்குப் பதிலாக, பேரிடர்ப் பணிக்கு அனுப்பும் துறை, மாதங்கள் கழித்தும் தன் ஆட்களைக் கூப்பிட்டு, தூக்கம் வருகிறதா, குடி கூடியிருக்கிறதா என்று கேட்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளரையும் விட்டுவிடக் கூடாது. சிகிச்சை நாட்களுக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒருவர் தூக்கமில்லாமல் இருந்தால், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைச் சொல்லுங்கள். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.