பெலன் என்ற சொல்

திருவண்ணாமலைத் தேரடித் தெருவில் பலம் என்று சொல்லாதவர் கிடையாது. யாராவது பெலன் என்று சொன்னால், அவர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகிறவர் என்று கண்டுகொள்ளலாம். பழைய தமிழ் வேதாகமத்தில் அந்தச் சொல் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. அங்கிருந்து ஜெபத்துக்கு வந்து, ஜெபத்திலிருந்து வீட்டுப் பேச்சுக்கும் இறங்கிவிட்டது. கணவனை அடக்கம் செய்து பத்து நாள்கூட ஆகாத ஒருத்தி, "கர்த்தர் பெலன் குடுக்கிறாரு ஐயா" என்று போதகரிடம் சொல்வாள். அவள் கண் காய்ந்திருக்காது. கடன்காரன் வருவதும் நின்றிருக்காது. அப்படியானால் அவளுக்குக் கிடைத்தது என்ன? இதைப் பல வருடம் யோசித்திருக்கிறேன்.

வலியோடு கடவுளிடம் போவது இந்த ஊருக்குப் புதிதல்ல. பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றும் கூட்டத்தில் நேர்ந்துகொண்டு நடப்பவர் எத்தனை பேர்! இந்த மலையைப் பாடிய அப்பர், தம் தேவாரத்தைத் தொடங்கியதே சூலை நோயின் கொடுமை தாங்காமல்தான். திருவதிகையில் அவர் பாடினார், நோய் நீங்கியது என்பது பெரியபுராணம் சொல்லும் வரலாறு. கிறிஸ்தவர்களின் வேதத்திலும் சுகமானவர்கள் ஏராளம். ஆனால் பெலன் என்ற சொல்லின் அடி ஆழம் தெரிய வேண்டுமென்றால், சுகமாகாத ஒருவரிடம் போக வேண்டும்.

அவர் பவுல். கொரிந்து சபைக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 12ஆம் அதிகாரத்தில், தம் மாம்சத்தில் ஒரு முள் இருப்பதாக எழுதுகிறார். அது என்ன நோய் என்று அவர் சொல்லவில்லை. எடுத்துவிடும்படி மூன்று முறை வேண்டிக்கொண்டார், முள் நீங்கவில்லை. கிடைத்த பதில் வேறு: கிருபை போதும், பலவீனத்தில்தான் அந்த வல்லமை முழுமையாக வெளிப்படும் என்பது அதன் சாரம். அதாவது முள்ளும் இருக்கும், பெலனும் இருக்கும். சுகம் கிடைக்கவில்லையென்றால் உனக்கு விசுவாசம் போதவில்லை என்று நோயாளியின் முகத்துக்கு நேரே சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அதைப் போன்ற கொடுமை வேறில்லை. பவுலுக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்ல அவர்களுக்கு நா எழுமா?

முள் இருக்கும் என்றால் வலிக்கும். வலித்தால் அழலாமா? விசுவாசி அழக் கூடாது என்ற எண்ணம் சபைகளில் எப்படியோ புகுந்துவிட்டது. வேதம் அதற்கு இடம் கொடுப்பதில்லை. 150 சங்கீதங்களில் புலம்பல்கள்தான் மிகப் பெரிய தொகுதி. 88ஆம் சங்கீதம் கடைசி வரை விடியாமல் இருளிலேயே முடிகிறது. அதைத் தொகுத்தவர்கள் ஆறுதலாக ஓர் அடி சேர்த்து முடித்திருக்கலாம், சேர்க்கவில்லை. அந்த நேர்மைக்காகவே நான் அவர்களை வணங்குகிறேன். இறந்துபோன நண்பன் லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு அழுதார். அவனை உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று தெரிந்திருந்தும் அழுதார்.

வலியை உணர்வது ஏன் அவசியம் என்பதை எனக்கு விளங்க வைத்தது ஒரு மருத்துவர் கண்டறிந்த உண்மை. பால் பிராண்ட் கொல்லிமலையில் 1914இல் பிறந்தவர். மிஷனரியான அவருடைய தகப்பன் அதே மலையில் 1929இல் காய்ச்சலில் இறந்துபோனார். மகன் மருத்துவராகி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளிகளின் கைகளைக் கவனித்தார். விரல்களை நோய் தின்றுவிடுவதாக ஊரே நம்பிய காலம். நோய் நரம்பை மரத்துப்போகச் செய்கிறது, சூடும் கீறலும் தெரியாமல் போவதால்தான் புண்ணாகி விரல் தேய்கிறது என்று அவர் காட்டினார். அழுகையை அடக்கி அடக்கி மரத்துப்போன மனமும் அந்தக் கையைப் போன்றதுதான். எங்கே வெந்தது என்று அதற்கே தெரியாது.

அவரோடு வேலை செய்த மேரி வர்கீஸின் கதைக்கு இப்போது வருகிறேன். திருவண்ணாமலையிலிருந்து வேலூர் பஸ்ஸில் போனால் போளூர், கண்ணமங்கலம், கணியம்பாடி கடந்து, நகருக்குச் சற்று முன்னால் பாகாயம். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போன நாட்களில் ஜன்னல் வழியே நான் பார்த்த அந்த இடத்தில்தான் அவர் கட்டியெழுப்பிய மறுவாழ்வு நிலையம் இருக்கிறது.

மேரி 1925இல் கேரளத்தில் பிறந்து, வேலூரில் படித்து மருத்துவரானவர். 1954 ஜனவரியில் சக மருத்துவர்களோடு போன வண்டி கவிழ்ந்தது. தண்டுவடம் அடிபட்டு இரண்டு கால்களும் செயலிழந்தன, முகத்திலும் காயம். முப்பது வயதுகூட ஆகவில்லை. மகப்பேறு மருத்துவம் என்ற ஆசை அத்தோடு போயிற்று. ஜெபித்தார்கள், கால்கள் திரும்பவில்லை.

பிராண்ட் அவருக்கு ஒரு வழி காட்டினார். கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்த மருத்துவர்கள் தேவை. மேரி சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி அந்த அறுவை சிகிச்சையைக் கற்றார், செய்தார். நன்றாக இருக்கும் ஒரு தசைநாணை இடம் மாற்றித் தைத்து, செயலிழந்த விரலுக்கு வேலை கொடுப்பது அந்த சிகிச்சையின் அடிப்படை. பிறகு ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கு மறுவாழ்வுச் சிகிச்சைக்கும், நியூயார்க்கில் மருத்துவர் ஹோவர்ட் ரஸ்க்கிடம் அந்தத் துறையைப் படிக்கவும் போனார். திரும்பி வந்து வேலூரில் அந்தத் துறையை நடத்தினார். தண்டுவடம் அடிபட்டவர்கள் தங்கிப் பயிற்சி பெறும் நிலையம் 1966இல் பாகாயத்தில் திறந்தது. 1972இல் பத்மஸ்ரீ. 1986இல் மறைந்தார்.

விபத்து நல்லதற்குத்தான் நடந்தது என்று இதைப் படிக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு பெண்ணின் கால்களைப் பறித்துத்தான் கடவுள் ஆஸ்பத்திரி கட்டுவார் என்றால் அவரை எப்படி நேசிப்பது? நடந்தது தீங்கு. பெலன் அதற்குப் பிறகு வந்தது, அதுவும் தனியாக வரவில்லை. கட்டிலருகே வந்து நின்ற சக மருத்துவர், தூக்கிவிட்ட கைகள், தனக்காகத் தானே ஜெபிக்க முடியாத இரவுகளில் ஜெபித்தவர்கள், இவர்கள் மூலமாக வந்தது.

அப்படிப் பக்கத்தில் இருப்பதை வேதமும் காட்டுகிறது. எல்லாவற்றையும் இழந்த யோபுவின் கதையில் நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். பிறகு வாய் திறந்து, நீ என்ன பாவம் செய்தாயோ என்று விசாரிக்கத் தொடங்கினார்கள்.

எங்கள் பக்கத்துச் சபைகளில் அந்த ஏழு நாளின் வழக்கம் இன்னும் இருக்கிறது. துக்க வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் தூக்குப் பாத்திரத்தில் கஞ்சி வரும். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி ஒதுக்கிச் சேர்த்த பிடியரிசி, கேட்காமலே வந்து சேரும். பெண்கள் பாய் விரித்துப் பக்கத்தில் உட்காருவார்கள். வசனம் சொல்லாமல் போகிறவர்களும் உண்டு.

போதகரிடம் பெலன் பற்றிச் சொன்ன அந்தப் பெண்ணும், ஆறேழு மாதம் கழித்து அடுத்த தெருவில் ஒரு சாவு விழுந்தபோது, தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனாள்.